ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா? புதுச்சேரிப் பட்டறை ஒன்றின் மதிப்புரை

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தகராறு செய்யத் தொடங்கிய காரைக் கடலூரிலோ புதுச்சேரியிலோ வைத்திருப்பவருக்கு வழக்கமாக மூன்று யோசனைகள் கிடைக்கும். நிறுவன சர்வீஸ் சென்டரில் புதிய கியர்பாக்ஸ் போட்டுக்கொள்ளலாம். சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து செகண்ட் ஹேண்ட் கியர்பாக்ஸ் ஒன்றை வரவழைத்து மாட்டிக்கொள்ளலாம். அல்லது இருப்பதையே பிரித்துச் சரிசெய்யலாம். இவற்றுள் எது நல்லது என்பதைக் காரைப் பார்க்காமலே சொல்லிவிடுகிறவர்கள் ஏராளம். முறையாகச் சோதித்த பிறகே வாய் திறப்பவர்கள் நம் பக்கத்தில் மிகச் சிலர். புதுச்சேரியின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பகுதியில் இயங்கும் கியர்பாக்ஸ் பட்டறை ஒன்று அந்தச் சிலரைச் சேர்ந்தது என்பதால் அதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். இரண்டு லிஃப்ட் மட்டுமே உள்ள இடத்தில் வண்டிகள் குவிந்தால் வேலையின் தரம் கெடும் என்பது அவர் சொன்ன காரணம். ஆகவே இதைப் படிப்பவர்கள் அங்கே வேலை நடந்த முறையைக் கவனிக்கும்படி வேண்டுகிறேன். அதே முறையை வேறு எந்தப் பட்டறையிடமும் கேட்டுப் பெறலாம்.

என் கார், ஆறு கியர் கொண்ட டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் அமைப்பு) வகைப் பெட்ரோல் செடான். வாங்கிப் பத்தாண்டுகள் கடந்துவிட்டன. ஓட்டம் 1,30,000 கி.மீ. ஆகிவிட்டது. மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு வேலை நாட்களில் சென்றுவரும் வண்டி அது. தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டிக் கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வரை ஓரளவு சீராகப் போகும் பயணம், அரியாங்குப்பத்துக்குப் பிறகு முருங்கப்பாக்கம், மரப்பாலம், முதலியார்பேட்டை என்று நெரிசலுக்குள் நுழைகிறது. கோளாறும் இந்த வழித்தடத்தை ஒட்டியே வெளிப்பட்டது. காலையில் கிளம்பும்போது எந்தக் குறையும் தெரியாது. நெரிசலில் நின்று நின்று நகர்ந்து ஆயில் நன்றாகச் சூடேறிய பின், நியூட்ரலிலிருந்து டிரைவுக்குத் தள்ளினால் வண்டி சற்றுத் தாமதித்து ஒரு குலுக்கலோடு இழுக்கும். மூன்றாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கு மாறும்போது எஞ்சின் சுற்று மட்டும் ஏறும், வேகம் ஏறாது. 60 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும் வேளையில், சாலையில் வரிவரியாகப் போட்ட சிறு வேகத்தடைகளின் மேல் ஓடுவது போன்ற அதிர்வு சில நொடிகள் வந்து மறையும்.

நிறுவன சர்வீஸ் சென்டர் ஒன்றில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்து, பி0741 என்ற எரர் கோடு பதிவாகியிருப்பதாகச் சொன்னார்கள். டார்க் கன்வெர்ட்டருக்குள் இருந்து எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் எதிர்பார்த்தபடி பிடிக்கவில்லை என்பதே அந்தக் கோடின் பொருள். ஏன் பிடிக்கவில்லை என்பதை அது சொல்லாது: கிளட்சின் உராய்வுப் பட்டை தேய்ந்திருக்கலாம், அதற்கு ஆயில் அனுப்பும் மின்வால்வான சொலினாய்டு அடைத்திருக்கலாம், ஆயிலை அங்கங்கே பிரித்தனுப்பும் வால்வ் பாடியில் அழுத்தம் கசியலாம், ஆயிலே கெட்டிருக்கலாம். இவற்றுக்கான செலவுகள் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத அளவுக்கு வேறுபடும். இருந்தும், ஒரு சொட்டு ஆயிலைக்கூட வடித்துப் பார்க்காமல், புதிய கியர்பாக்ஸுக்கு 3,40,000 ரூபாய் என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். பிரித்து வேலை செய்யும் ஏற்பாடு தங்களிடம் இல்லை என்பதை வெளிப்படையாகவே தெரிவித்தார்கள், அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால், தன்னிடம் இல்லாத சேவை உலகத்திலேயே இல்லை என்பதுபோல் வாடிக்கையாளரிடம் பேசுவது முறையல்ல.

மேட்டுப்பாளையம் பட்டறையில் பேச்சு வேறு விதமாகத் தொடங்கியது. "சார், மாத்துறதா ரிப்பேர் பண்றதான்னு இப்பவே முடிவு பண்ணாதீங்க. மொதல்ல உள்ள என்ன போயிருக்குன்னு பாத்துடுவோம். பாக்குறதுக்குத் தனியா சார்ஜ் ஆகும். வேலைய இங்கயே குடுத்தீங்கன்னா பில்லுல கழிச்சுக்குவேன்" என்றார் உரிமையாளர். சோதனைக் கட்டணம் 3,500 ரூபாய். என் பார்வையில் இந்தப் பட்டறையின் மிக முக்கியமான நல்ல அம்சம் இந்தக் கட்டணம்தான். சோதனை இலவசம் என்றால், சோதித்தவர் தன் உழைப்புக்கான பணத்தை ஏதாவது ஒரு வேலையைச் செய்துதான் எடுத்தாக வேண்டும். அவருடைய முடிவு அந்தப் பக்கமே சாயும். சோதனைக்கே பணம் கொடுத்துவிட்டால், "இதை மாற்றுவதுதான் சரி, என்னிடம் வேலை இல்லை" என்று சொல்லும் உரிமை அவருக்குக் கிடைக்கிறது.

சோதனை பேட்டரியிலிருந்தும் எர்த் வயர்களிலிருந்தும் ஆரம்பமானது. கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான டிசிஎம்முக்கு மின்னழுத்தம் சரியாக வராவிட்டால் சொலினாய்டுகள் தாறுமாறாக வேலை செய்யும். உப்புக்காற்று வீசும் நம் ஊர்களில் எர்த் முனையிலும் கனெக்டர்களிலும் பச்சை பூத்துப் போவது சாதாரணம். அதன் பிறகே ஸ்கேனர். கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு ஸ்கேனர்கள் பெரும்பாலும் எஞ்சின் பக்கத்துக் கோடுகளை மட்டுமே படிக்கும். அவற்றில் பி0700 என்று வந்தால், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் வேறொரு கோடு காத்திருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். அதை வைத்துக் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று முடிவுகட்டக் கூடாது. இங்கே டிசிஎம்முக்குள் நேரடியாகப் போய்ப் படித்து, ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் உள்ளே போகும் சுற்றுக்கும் வெளியே வரும் சுற்றுக்கும் உள்ள வேறுபாட்டை ஓடும் வண்டியிலேயே பதிவுசெய்தார்கள்.

வில்லியனூர் பக்கம் வண்டியை ஓட்டிச் சென்றபோது செய்த ஒரு சோதனையைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அதிர்வு வரும் வேகத்தில், உரிமையாளர் ஆக்சிலரேட்டரை விடாமல் பிரேக் பெடலை மிக லேசாகத் தொட்டார். பிரேக் விளக்கு எரியும் அளவுக்குத் தொட்டாலே லாக்-அப் கிளட்ச் விடுபட்டுவிடும். அந்தக் கணத்தில் அதிர்வு நின்றால் குறை லாக்-அப்பில் இருக்கிறது. நிற்காவிட்டால் எஞ்சினில் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லையா, இக்னிஷன் காயில் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இக்னிஷன் காயிலால் வந்த நடுக்கத்தைக் கியர்பாக்ஸ் கோளாறு என்று நம்பிப் பெருந்தொகை செலவழிப்பதற்கு இந்த ஒரு சோதனை தடுப்பாக இருக்கும். என் காரில் அதிர்வு உடனே நின்றது.

பிறகு ஆயில். வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஸ்கேனரில் ஆயில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே, அது குறித்த அளவுக்கு வந்ததும் அளவுத் துளையைத் திறந்து மட்டத்தைச் சரிபார்த்தார்கள். டிப்ஸ்டிக் இல்லாத கியர்பாக்ஸ்களில் இதுதான் முறை. சூடேற ஏற ஆயில் விரிவதால், வெப்பநிலை பார்க்காமல் மட்டம் பார்ப்பதில் பயனில்லை. மட்டம் சரியாக இருந்தது. நிறம் சிவப்பிலிருந்து அடர்பழுப்புக்கு மாறியிருந்தது. கருகிய வாடை தெளிவாக அடித்தது. கியர்பாக்ஸின் அடித்தட்டான ஆயில் பானைக் கழற்றி, அதன் அடியில் ஒட்டிய காந்தங்களை என்னிடம் காட்டினார்கள். மிருதுவான சாம்பல் நிறக் குழைவு மட்டும் இருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் நெருடும் இரும்புச் சீவல்கள் இருந்தால் பல்சக்கரமோ பேரிங்கோ உடைகிறது. என் காந்தங்களில் குழைவு அதிகம், சீவல் இல்லை. பழுதுபார்ப்பது பலனளிக்கும் என்ற முதல் நம்பிக்கை அங்கேதான் பிறந்தது.

அந்த நேரத்தில் உரிமையாளர் கேட்ட கேள்வி ஒன்று நம் ஊருக்கே உரியது: "ஃபெஞ்சல் புயலப்போ வண்டி தண்ணியில நின்னுச்சா சார்?" 2024 நவம்பர் 30 அன்று அந்தப் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எத்தனை வீதிகளில் கார்கள் மூழ்கி நின்றன என்பது நமக்குத் தெரியும். கியர்பாக்ஸின் மேற்புறம் காற்று போய்வர ஒரு சிறு குழாய் இருக்கிறது. வெள்ளம் அந்த மட்டத்தை எட்டினால் தண்ணீர் உள்ளே இறங்கும். கிளட்ச் பிளேட்டுகளின் உராய்வுப் பட்டை காகிதம் போன்ற நாரால் ஆனது, இரும்புத் தட்டில் பசையால் ஒட்டப்பட்டது. தண்ணீர் கலந்த ஆயிலில் அந்தப் பட்டை ஊறிப் பெயர்ந்துவிடும். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகிக் கூலன்ட் கலந்தாலும் இதே கதிதான். இரண்டிலும் ஆயில் பால் கலந்தது போல் வெளிறி வரும். என் வண்டி வெள்ளத்தில் நிற்கவில்லை, ஆயிலும் வெளிறவில்லை. நின்ற வண்டியாக இருந்தால், இன்சூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்புக் கூடுதல் பிரிவு எடுத்திருக்கிறீர்களா, அதில் கியர்பாக்ஸும் அடங்குமா என்று முதலில் பார்ப்பது நல்லது. சாதாரண முழுக்காப்பீடு இயல்பான தேய்மானத்துக்கோ இயந்திரப் பழுதுக்கோ பணம் தராது.

ஆயில் ஏன் இவ்வளவு கெட்டது என்பதற்கும் பதில் இருந்தது: அது ஒருபோதும் மாற்றப்படவில்லை. வண்டியின் ஆயுள் முழுவதற்கும் போதுமான ஆயில் என்று சில தயாரிப்பாளர்கள் சொல்வதை சர்வீஸ் சென்டர்களும் அப்படியே திருப்பிச் சொல்கின்றன. ஆனால் உலகின் முக்கியமான கியர்பாக்ஸ் தயாரிப்பாளர்களுள் ஒன்றான ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம், தன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது எட்டாண்டுக்குள், ஆயில் மாற்றப் பரிந்துரைக்கிறது. ஆயுள் முழுவதும் என்ற சொல்லை நம்பி விட்டுவிடும் வாடிக்கையாளருக்கு, அந்த ஆயுள் வாரண்டியோடு முடிந்துவிடும் ஆயுள் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. நம் கோடையில், சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் ஓட்டத்தில், அந்த ஆயில் எவ்வளவு வெப்பத்தைச் சுமக்கிறது என்பதை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லக் கூடாது.

சோதனையின் முடிவை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். சூடான நிலையில் ஆயில் அழுத்தம் குறைகிறது. 4, 5, 6 ஆகிய கியர்களில் பிடிக்கும் கிளட்ச் பேக் (கிளட்ச் பிளேட்டுகளின் அடுக்கு) நழுவுகிறது. லாக்-அப் கிளட்ச் சரியாகப் பிடிக்கவில்லை. உலோகச் சேதத்துக்கான அடையாளம் இல்லை. பிரித்துப் பார்த்த பிறகே இறுதித் தொகை சொல்லப்படும். ஆனால் பிரித்த பின் வேலை வேண்டாம் என்றால் திரும்பப் பூட்டித் தர எவ்வளவு ஆகும் என்பதையும் அதே தாளில் எழுதியிருந்தார்கள். இந்தக் கடைசி வரியை எந்தப் பட்டறையிலும் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பிரித்துப் போட்ட வண்டியை வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாத நிலைக்கு ஆளான பலரை எனக்குத் தெரியும்.

பிரித்த அன்று என்னை அழைத்துக் காட்டினார்கள். குறிப்பிட்ட அந்தக் கிளட்ச் பேக்கின் உராய்வுப் பிளேட்டுகள் கருகி வழவழப்பாகியிருந்தன. அவற்றுக்கு இடையே இருந்த ஸ்டீல் பிளேட்டுகளில் நீலம் பாய்ந்த வெப்பக் கறைகள் இருந்தன. மற்ற கிளட்ச் பேக்குகள் நல்ல நிலையில் இருந்தன. பிளேட்டுகளை அழுத்தும் பிஸ்டனின் ரப்பர் சீல் கெட்டித்துப் போயிருந்தது. குளிரில் பிடித்த வண்டி சூட்டில் நழுவியதன் ஒரு காரணம் அது. மற்றொரு காரணம் வால்வ் பாடியில் இருந்தது. அலுமினியத்தில் குடைந்த துளைகளுக்குள் சிறு வால்வுகள் இடையறாது முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருப்பதால், ஆண்டுக்கணக்கில் துளை தேய்ந்து, ஆயில் அந்த இடைவெளி வழியே கசிகிறது. சூட்டில் ஆயில் நீர்த்துப் போகும்போது கசிவு கூடுகிறது, அழுத்தம் விழுகிறது, பிளேட்டுகள் இறுகப் பிடிக்காமல் வழுக்குகின்றன, வழுக்கல் வெப்பத்தை உண்டாக்கி ஆயிலை மேலும் கெடுக்கிறது. கருகும் பிளேட்டுகளிலிருந்து உதிரும் துகள்கள் ஃபில்டரையும் சொலினாய்டுகளையும் அடைத்து அழுத்தத்தை இன்னும் குறைக்கின்றன.

பழுதுபார்ப்பு வேலைக்கு நம் ஊரில் ஏற்பட்டுள்ள கெட்ட பெயருக்கு விடை இந்தச் சங்கிலியில்தான் இருக்கிறது. கருகிய பிளேட்டை மட்டும் மாற்றி, வால்வ் பாடியைத் துடைத்து மறுபடி மாட்டிவிட்டால், புதிய பிளேட்டும் சில மாதங்களில் அதே காரணத்தால் கருகும். "ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்தால் திரும்பச் சேராது" என்ற பேச்சு அப்படிப் பரவியதுதான். விளைவை மட்டும் சரிசெய்து காரணத்தை விட்டுவிட்ட வேலைகளே அந்தப் பேச்சுக்குப் பொறுப்பு. பழைய ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும் என்ற நம்பிக்கையும் இத்தகையதே. பெரும்பாலும் நழுவல் ஏற்கெனவே தொடங்கிய பிறகே மக்கள் ஆயில் மாற்ற வருகிறார்கள். தேய்ந்த பிளேட்டைப் புதிய ஆயில் காப்பாற்றாதபோது பழி ஆயில் மேல் விழுகிறது.

இனி கணக்கு. கிளட்ச் பிளேட்டுகளும் சீல் கிட்டும் 24,000 ரூபாய், வால்வ் பாடி சீரமைப்பும் இரண்டு சொலினாய்டுகளும் 31,000, டார்க் கன்வெர்ட்டரைச் சென்னைக்கு அனுப்பி அறுத்துத் திறந்து, உராய்வுப் பட்டை புதிதாக ஒட்டி, சமநிலை பார்த்து வாங்கியது 18,000, ஆயிலும் ஃபில்டரும் 11,000, கூலி 22,000. ஆக 1,06,000 ரூபாய், 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்து 1,25,000 ரூபாயைச் சற்றுத் தாண்டியது. சோதனைக் கட்டணத்தைச் சொன்னபடி கழித்தார்கள்.

இந்தத் தொகை நியாயமா என்பதைக் காரின் விலையோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பது போதாது என்பது என் கருத்து. நல்ல நிலையில் என் கார் நாலரை லட்சம் பெறும். இருந்த கோலத்தில், கியர்பாக்ஸ் குறையைச் சொல்லி விலை கேட்டபோது, பழைய கார் வியாபாரி ஒருவர் இரண்டேகால் லட்சம் தர முன்வந்தார். அப்படியானால் அந்தக் கோளாறு என் காரின் மதிப்பில் தின்றது இரண்டேகால் லட்சம். அதற்குக் குறைவான செலவில் சரியாகுமானால் சரிசெய்வது லாபம். அதற்கு மேல் ஆகுமானால், காரை வேறு ஏதோ ஒரு காரணத்துக்காக வைத்துக்கொள்ள விரும்பினால் ஒழிய, விற்றுவிடுவதே மேல். 1,25,000 அந்த வரம்புக்கு நன்றாகக் கீழே இருக்கிறது. 3,40,000 அதற்கு வெகுதூரம் மேலே போய்விடுகிறது. நான்கைந்து வயதே ஆன விலையுயர்ந்த காராக இருந்து, கோளாறு தின்ற மதிப்பு நாலைந்து லட்சமாக இருந்தால், நிறுவன வாரண்டியோடு புதிய கியர்பாக்ஸ் போடுவதே சரியான முடிவாகியிருக்கும்.

செகண்ட் ஹேண்ட் கியர்பாக்ஸுக்கு எனக்குச் சொல்லப்பட்ட விலை 95,000 ரூபாய். இறக்கி ஏற்றும் கூலியும் புதிய ஆயிலும் சேர்த்தால் அதுவும் 1,20,000 ஆகிவிடும். அதே பணத்துக்கு, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, ஆயில் மாற்றப்பட்டதா, எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற எந்த விவரமும் இல்லாத பொருளைத் திறந்து பார்க்காமல் மாட்டுகிறோம். விபத்தில் சிதைந்த வண்டியிலிருந்து வந்திருந்தால் பரவாயில்லை. 2015 சென்னை வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் மூழ்கிய கார்கள் எத்தனையோ. அத்தகைய வண்டியிலிருந்து வந்த கியர்பாக்ஸ், மேலே சொன்ன உராய்வுப் பட்டை ஊறிப்போன நிலையிலேயே நம் கைக்கு வரக்கூடும். மேலும், சில கியர்பாக்ஸ்களின் மேல் ஒட்டியிருக்கும் அளவுத்திருத்தக் குறியீட்டை டிசிஎம்மில் பதிந்தால்தான் அவற்றின் சொலினாய்டுகள் சரியான அழுத்தத்தைத் தரும். அதைச் செய்யாமல் மாட்டி, கியர் உதைக்கிறது என்று அலைபவர்கள் உண்டு. என் மதிப்பீட்டில், உங்கள் கியர்பாக்ஸின் கேஸ் உடைந்து, புதியதும் கட்டுப்படியாகாத நிலையில் மட்டுமே இந்த வழியை நாட வேண்டும்.

பட்டறையின் நேர்மைக்கு இன்னொரு சான்று என் கண்ணெதிரே நடந்தது. பண்ருட்டியிலிருந்து வந்த ஒரு காரின் ஆயில் பானில் விரல் நகம் அளவு இரும்புத் துண்டுகள் கிடந்தன. பிளானட்டரி பல்சக்கரம் உடைந்து, துணுக்குகள் பம்ப் வரை போயிருந்தன. "இதுக்கு மேல இதுல நான் பணம் போட வெச்சா பாவம்ணா. வேற கியர்பாக்ஸ்தான் வழி" என்று பட்டறை உரிமையாளர் அந்த வண்டிக்காரரிடம் சொல்லி, சோதனைக் கட்டணத்தோடு முடித்துக்கொண்டார். போகும்போது மறக்காமல் ஒன்று சொன்னார்: புதிய கியர்பாக்ஸ் எங்கே போட்டாலும் ஆயில் கூலரையும் மாற்றச் சொல்லுங்கள், பழைய கூலருக்குள் தங்கிய துணுக்குகள் புதியதையும் கெடுத்துவிடும்.

டார்க் கன்வெர்ட்டர் வகை தவிர்த்த மற்றவற்றில் இந்தப் பட்டறையின் எல்லை குறுகியது. ஏஎம்டி வண்டிகளை எடுக்கிறார்கள். அவை அடிப்படையில் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்களே என்பதால், பெரும்பாலான கோளாறுகள் கிளட்சிலும் அதை இயக்கும் ஆக்சுவேட்டரிலும் முடிந்துவிடும். அங்கே முழுக் கியர்பாக்ஸையும் மாற்றச் சொன்னால் இன்னொருவரிடம் கேட்காமல் சம்மதிக்க வேண்டாம். கியர்களுக்குப் பதில் இரும்புப் பட்டையும் புல்லியும் கொண்ட சிவிடியில் ஆயில் மாற்றுவதோடும் வால்வ் பாடியோடும் நிறுத்திக்கொள்கிறார்கள். இரும்புப் பட்டைக்கும் புல்லிக்கும் கீறல் விழுந்துவிட்டால் அவற்றைத் துல்லியமாகச் சேர்த்துத் தரும் வசதி தங்களிடம் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். இரட்டைக் கிளட்ச் வண்டிகளை எடுப்பதே இல்லை.

வேலை செய்யும் முறையில் எனக்கு மிகுந்த நிறைவு. கியர்பாக்ஸ் பிரிக்கும் அறை தனியாக, கதவடைத்து, தூசியில்லாமல் இருக்கிறது. கழிவுப் பஞ்சுக்கு அந்த அறையில் அனுமதி இல்லை. ஒரு பஞ்சிழை வால்வ் பாடிக்குள் போனாலும் ஒரு வால்வு சிக்கிக்கொள்ளும் என்பதால் நூல் உதிராத துணியையே பயன்படுத்துகிறார்கள். சீல்களையும் சிறு குண்டுகளையும் இடத்தில் நிறுத்தக் கிரீஸுக்குப் பதில் வாசலின் தடவுகிறார்கள். அது ஆயிலில் கரைந்துவிடும், கிரீஸ் கரையாமல் துளையை அடைக்கும். புதிய உராய்வுப் பிளேட்டுகளை ஆயிலில் ஊறவைத்தே அடுக்கினார்கள். ஒவ்வொரு கிளட்ச் பேக்கும் சேர்த்த பின் காற்றழுத்தம் கொடுத்துப் பிஸ்டன் நகர்கிறதா என்று பார்த்து, இடைவெளியை அளந்து குறித்துக்கொண்டார்கள். கழற்றிய பழைய பாகங்கள் அத்தனையும் ஒரு பையில் என்னிடம் தரப்பட்டன.

குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்லியாக வேண்டும். சொன்ன நாளுக்கு வேலை முடியவில்லை. டார்க் கன்வெர்ட்டர் சென்னையிலிருந்து திரும்பத் தாமதமானது புரிகிறது, ஆனால் அதை நாம் போன் செய்து கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பகலில் பெரும்பாலும் போனை எடுப்பதில்லை. காத்திருப்பவர்களுக்கு நிழலான இடம் இல்லை. வயதானவர்கள் வண்டி விட வந்தால் சிரமப்படுவார்கள். முதலில் கொடுத்த பில்லில் உதிரிபாகங்களின் எண்களும் தயாரிப்பாளர் பெயர்களும் இல்லை. கேட்ட பிறகே எழுதித் தந்தார்கள். பிற்காலத்தில் வண்டியை விற்கும்போதும் வாரண்டி கேட்கும்போதும் அந்த விவரம்தான் பேசும், ஆதலால் அதைக் கேட்காமலே தருவதுதான் இவ்வளவு நல்ல வேலைக்குப் பொருத்தமானது. கியர்பாக்ஸை வண்டியில் ஏற்றுவதற்கு முன் ஓட்டிப் பார்க்கும் சோதனை மேடை இல்லை என்பதும் ஒரு குறைபாடு; ஏதாவது தவறினால் மறுபடி இறக்க வேண்டும், அந்தக் கூலியைத் தாங்களே ஏற்பதாக எழுதித் தருகிறார்கள்.

வாரண்டி ஆறு மாதம் அல்லது 10,000 கி.மீ., டார்க் கன்வெர்ட்டருக்கு மட்டும் மூன்று மாதம். வேலை முடிந்ததும் டிசிஎம் பழைய தேய்ந்த பிளேட்டுகளுக்கு ஏற்பக் கற்று வைத்திருந்த அளவுகளை அழித்து, வெவ்வேறு வேகங்களில் ஓட்டிப் புதிதாகக் கற்கவைத்தார்கள். முதல் சில நாட்கள் இரண்டாம் கியரில் ஒரு சிறு இழுப்பு தெரிந்தது; பிறகு அதுவும் மறைந்துவிட்டது. 1,000 கி.மீ. ஓடியபின் ஆயிலின் மட்டத்தையும் நிறத்தையும் கட்டணமின்றிப் பார்த்தார்கள். நல்ல சிவப்பாகவே இருந்தது. அதன் பின் ஒரு முழுக் கோடை கடந்துவிட்டது. முதலியார்பேட்டை நெரிசலில் டிரைவுக்குத் தள்ளியவுடன் வண்டி நகர்கிறது, நான்காம் கியர் நழுவுவதில்லை, அதிர்வு திரும்பவில்லை.

போக நினைப்பவர்களுக்கு நடைமுறைக் குறிப்பு ஒன்று. நழுவத் தொடங்கிய வண்டியைக் கடலூரிலிருந்து ஓட்டிக்கொண்டே போக வேண்டாம். வழுக்கும் ஒவ்வொரு கிலோமீட்டரும் மேலும் சில பிளேட்டுகளைக் கருக்கும். கட்டி இழுத்துச் செல்லவும் கூடாது. எஞ்சின் ஓடாதபோது கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் சுற்றாது, ஆயில் இல்லாமல் உள்பாகங்கள் உரசும். இழுத்தே ஆக வேண்டிய நிலையில், முன்சக்கரங்களால் இயங்கும் கார் என்றால் முன்சக்கரங்களைத் தரையில் படாமல் தூக்கி நிறுத்த வேண்டும். எந்த வகையானாலும் முழு வண்டியையும் மேலே ஏற்றிச் செல்லும் ரெக்கவரி லாரியே பாதுகாப்பு. பல இன்சூரன்ஸ் பாலிசிகளில் சாலையோர உதவிப் பிரிவு இருக்கிறது. அது இருந்தால், எத்தனை கிலோமீட்டர் வரை கட்டணமின்றி ஏற்றிச் செல்வார்கள் என்பதைக் கேட்டுவிட்டு லாரியை வரவழையுங்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து மேட்டுப்பாளையம் வரையிலான தூரம் பெரும்பாலும் அந்த வரம்புக்குள்ளேயே வந்துவிடும்.